யார் தீர்க்க வேண்டிய கடன்?

பிரிட்டனில் கோடைக்கால ஞாயிறுகளில் ஊர்த் திடல்களில் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கும். மோரிஸ் மைனர், ஆஸ்டின் செவன், எம்ஜிபி, ஜாகுவார் ஈ-டைப் என்று எல்லாம் துடைத்து மெருகேற்றிய வண்டிகள். கார் மன்றத்தினர் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். பரிசுச் சீட்டும் தேநீரும் கேக்கும் விற்பார்கள். நன்கொடை தந்தவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப்போவார்கள். அப்படிச் சேரும் பணத்தை முன்னாள் படைவீரர்களின் மனநலத்துக்குக் கொடுக்கும் மன்றங்கள் உண்டு. நல்ல காரியம்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. போருக்கு அனுப்பியது அரசு. அங்கே உடைந்த மனத்துக்கு வைத்தியம் பார்க்கும் பணத்தைக் கார்ப் பிரியர்கள் கேக் விற்றுச் சேர்ப்பது சரியா?

சிறிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். தன் பொழுதுபோக்கில் திளைத்துக்கொண்டே செய்வது தருமமாகுமா? கொடுப்பவருக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரிட்டனின் வரி விதிகூட இங்கே ஒரு கோடு கிழிக்கிறது. வரி செலுத்துபவர் பலன் எதிர்பாராமல் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ‘கிஃப்ட் எய்ட்’ திட்டத்தில் அறநிறுவனம் 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். பரிசுச் சீட்டுக்குத் தந்த காசுக்கு அது கிடையாது, வாங்கியவர் கையில் பதிலுக்கு ஒரு வாய்ப்பு இருப்பதால். வரித்துறைக்கு அந்தக் கணக்கு வேண்டும். அறத்துக்கு வேண்டியதில்லை. கொடுத்தவர் சிரித்துக்கொண்டு கொடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாலும், படுக்கையில் வியர்த்து எழும் ஒருவருக்குக் கிடைக்கும் சிகிச்சை ஒன்றுதான். மகிழ்ந்து செய்ததைத்தான் மனிதர்கள் அடுத்த ஆண்டும் செய்வார்கள்.

அடுத்த தயக்கம் கனமானது. இராக் போரை எதிர்த்து 2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த ஊர்வலத்தில் நடந்தவர் இன்று படைவீரருக்காகக் கொடுத்தால், தான் எதிர்த்த போரை ஏற்றுக்கொண்டதாக ஆகுமா? ஆகாது. பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்த பையன் எந்த நாட்டின் மேல் போர் தொடுப்பது என்று முடிவு செய்யவில்லை. நாடாளுமன்றம் வாக்களித்தது, ஆணை வந்தது, போனான். போரே தவறு என்று நினைப்பவர், இந்தக் காயம் பட்டிருக்கவே வேண்டாம் என்றும் நினைப்பவர் அல்லவா? கொடுக்க அவருக்குக் காரணம் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் விழா மேடையில் போரின் புகழ் பாடத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். இராக் மக்கள் பட்டது படைவீரர் பட்டதைவிடப் பெரிது. அதை மறைத்து எழுப்பும் கைத்தட்டலில் பணம் சேரலாம், நேர்மை சேராது.

இனி அரசுக்கு வருவோம். இதில் அதன் வரலாறு நல்லதாக இல்லை. முதல் உலகப் போரில் மனம் சிதறிய வீரர்களின் நிலையைக் குறிக்கும் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் 1915இல் சார்லஸ் மையர்ஸ் எழுதிய கட்டுரை வழியாக லான்செட் மருத்துவ இதழில் ஏறியது. அதே போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் அவை போன்ற குற்றங்களுக்கும் சொந்தப் படையாலேயே சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வந்தது 2006இல்தான். அவர்களில் எத்தனை பேர் மனம் சிதறியவர்கள் என்று பிரித்துச் சொல்ல இனி யாராலும் முடியாது. இன்று ‘காம்பாட் ஸ்ட்ரெஸ்’ என்று அறியப்படும் அறநிறுவனம் 1919இல் பிறந்தது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனம் கலங்கித் திரும்பியவர்களைப் பித்தர் விடுதிகளில் அடைப்பதைப் பொறுக்க முடியாமல் திரண்டவர்கள் அவர்கள். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் லெதர்ஹெட் ஊரில் தொழிற்கூடம் வைத்து, மின்கம்பளி தயாரிக்கும் வேலையை முன்னாள் வீரர்களுக்குத் தந்தார்கள். ஆக, இந்த இடத்தில் அறநிறுவனம் அரசுக்குத் துணையாக வந்து நின்றதல்ல. அரசு வராத இடத்தில் நின்றது.

நூறு ஆண்டு கழிந்தும் அந்த நிலை முழுதாக மாறவில்லை. படையினருக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது என்னும் உடன்பாடு 2011இல் சட்டத்தில் இடம்பெற்றது; அது பற்றி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். ஆனால் 2020இன் தொடக்கத்தில் அரசு சார்ந்த நிதி குறைந்தபோது, காம்பாட் ஸ்ட்ரெஸ் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த நேர்ந்தது. படையை விட்டுப் பல ஆண்டு கழித்தே உதவி கேட்டு வருகிறவர்கள் முன்னாள் வீரர்களில் ஏராளம். அத்தனை ஆண்டு தயங்கி, ஒருநாள் துணிந்து தொலைபேசியை எடுத்தவருக்கு இப்போது இடமில்லை என்ற பதில் என்ன செய்யும்? அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை ‘ஆப் கரேஜ்’ என்ற பெயரில் வீரர்களுக்கான மனநல உதவிகளை ஒருங்கிணைத்தது. நல்லது. ஆனாலும் ஒருவர் சிகிச்சை பெறுவது அந்த ஆண்டின் ஒப்பந்தத்தையும் அந்தக் கோடையின் மழையையும் பொறுத்ததாக இருக்கக் கூடாது. மழை பெய்தால் திடலுக்குக் கூட்டம் வராது.

எனவே கார் மன்றம் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும், அப்போதுதான் அரசுக்கு உறைக்கும் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தை ஏற்க முடியாது. அரசுக்கு உறைக்கும்வரை காத்திருக்கப்போவது வாதிடுபவர் அல்லர், நோயுற்றவர். இன்றைய துன்பத்தைப் பணயம் வைத்து நாளைய சீர்திருத்தத்தை வாங்க எவருக்கும் உரிமையில்லை. கொடுப்பது சரி. கொடுத்ததோடு வாய் மூடிக்கொள்வதுதான் சரியில்லை. பிறர் கடனைத் தீர்க்க முன்வருபவருக்கு, கடன்பட்டவரைப் பெயர் சொல்லிக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. பணம் திரட்டும் மன்றம் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டும். இது அரசியல், நமக்கு எதற்கு என்று ஒதுங்குவது எளிது. போரும் அரசியல்தான், அதற்குப் போனவர்களுக்கு ஒதுங்க வழியில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் அறம் இருக்கிறது. மனநலச் சிகிச்சை மாதக்கணக்கில் தொடர்வது. ஒருநாள் விழாவில் பெரிய காசோலை அட்டையோடு எடுக்கும் படம் அதற்குப் போதாது. சிறிய தொகையானாலும் ஆண்டுதோறும் வரும் என்ற உறுதியோடு, இன்னதற்குத்தான் என்று கட்டுப்படுத்தாமல் கொடுத்தால் சம்பளம் கொடுத்துச் செவிலியரை நியமிக்க முடியும். பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய கார்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. எம்ஜிபி அளவு எஞ்சினுக்கு அந்த விலக்கு இன்று ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் மிச்சமாக்கும். பழைய இரும்புக்கு நாடு காட்டும் இந்தக் கனிவில் ஒரு பகுதியையாவது உரிமையாளர்கள் பழைய வீரர்களுக்குத் திருப்பிவிடலாம்.

பணத்தைவிட அரிய ஒன்றும் மன்றத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களில் எழுந்த ‘மென்ஸ் ஷெட்’ இயக்கம் கண்டுகொண்ட உண்மை அது: நேருக்கு நேர் உட்கார்ந்து மனம் திறக்காத ஆண்கள், அருகருகே நின்று வேலை செய்யும்போது பேசுகிறார்கள். கார்புரேட்டரைப் பிரித்துப்போட்ட கொட்டகையில் முன்னாள் வீரருக்கு ஓர் இடம் தருவது எந்த அரசுத் துறையாலும் முடியாத காரியம். அதைக் கவனத்தோடும் செய்ய வேண்டும். பழைய எஞ்சின் பேக்ஃபயர் ஆகும் ஓசை துப்பாக்கி வெடித்ததுபோலவே இருக்கும். யாருக்காக விழாவோ அவரைக் கேட்காமல் எஞ்சின்களை முறுக்கி முழக்கினால், அவர் எழுந்து போய்விடுவார். விழா திட்டமிடும் குழுவில் முதல் நாற்காலி அவருக்குப் போட வேண்டும். அவர் வேண்டாம் என்றதை விட்டுவிட வேண்டும்.