முற்பணம் கொடுக்கும் கை



தீபாவளி முற்பணத்தைப் பற்றி நம் தோட்டங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பண்டிகைக்கு முன் தோட்ட நிர்வாகம் கொடுக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும். எவ்வளவு பிடித்தார்கள், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சம்பளச் சீட்டில் எழுதியிருக்கும். ஒரு மாதமும் தவறாது.

இப்போது முற்பணம் கொடுக்கிறவர்களாக நாமும் ஆகிவிட்டோம். புதுப் போன் வரப்போகிறது, இன்றே பதிந்தால்தான் கிடைக்கும் என்கிறார்கள். யட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நின்று சேர்த்த காசை யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் போடுகிறான். கையில் மிஞ்சுவது வங்கித் துண்டின் படம் மட்டும். அடுத்த கிழமை வரும் என்பார்கள். அடுத்த கிழமை கேட்டால், சாமான் துறைமுகத்தில் நிற்கிறது என்பார்கள். பிறகு அழைப்பையே எடுக்கமாட்டார்கள்.

இந்தியாவில் 2016 பெப்ரவரியில் ‘ஃப்ரீடம் 251’ என்ற போனுக்கு முன்பதிவு நடந்தது. நொய்டாவில் இருந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பனி, ஸ்மார்ட் போனை வெறும் 251 இந்திய ரூபாவுக்குத் தருவதாகச் சொன்னது. பதிவு தொடங்கியதுமே இணையத்தளம் முடங்கும் அளவுக்குச் சனம் முண்டியடித்தது. முதல் நாளே 30,000 பேர் பணம் கட்டியதாகக் கம்பனியே சொன்னது. பத்திரிகையாளர்களிடம் காட்டிய மாதிரிப் போனை உற்றுப் பார்த்தால், முன்பக்கத்தில் வெள்ளை மை பூசியிருந்தது. அதற்கடியில் இருந்தது அட்கொம் என்ற வேறொரு கம்பனியின் பெயர்! கேள்விகள் குவிந்த பிறகு, வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். மறு வருடம், விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த மோசடிப் புகாரில் கம்பனியின் நிறுவனர் கைதானார்.

அது பெயர் தெரியாத கம்பனி என்று சொல்லலாம். உலகறிந்த ஸ்டார்லிங்க் என்ன செய்தது? செய்மதி வழியாக இணையம் தரும் அந்த நிறுவனம், 2021இல் இந்தியாவில் ஆளுக்கு 99 டொலர் முற்பணம் வாங்கியது. 5,000க்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். ஆனால் அங்கே சேவை நடத்த அதனிடம் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. அந்த நவம்பரில், பணம் கட்டாதீர்கள் என்று இந்திய அரசே மக்களை எச்சரித்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அனுமதி கிடைத்ததோ 2025 ஜூனில்தான்.

நம் நாட்டில் ஸ்டார்லிங்க் 2024 ஓகஸ்டில் அனுமதி பெற்று, 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. தெரணியகலை, அரநாயக்க மலைகளில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி நின்று பாடம் படித்த பிள்ளைகளுக்கு இப்படியான தொழில்நுட்பம் ஆடம்பரம் அல்ல. அதனால்தான் நம்பிக் காசு கட்டுகிறோம்.

ஏமாந்தவர் சத்தம் போட்டால், பொறுமையில்லை என்று அவரையே குறை சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. லயத்து அறையிலிருந்து தனி வீட்டுக்குப் போகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கும் சனத்துக்குப் பொறுமையைப் பற்றி யார் பாடம் எடுப்பது? தாமதம் யாருக்கும் வரும். நம் காசைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையை மறைப்பதுதான் குற்றம். முற்பணம் வாங்கியவர் வட்டியில்லாமல் கடன் வாங்கியவர்; கொடுத்தவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆகவே முற்பணம் கட்டுமுன், பொருள் வரும் திகதியையும், வராவிட்டால் பணம் திரும்பும் திகதியையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருளை விற்றவர், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். போன் கைக்கு வந்ததும் *#06# அழுத்தி, IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, அதில் வரும் 15 இலக்க எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது பதிவான போனா என்று பாருங்கள். திகதி எழுத மறுக்கும் இடத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு இன்றே அழைத்து முறையிடுங்கள்.