ஒரே தாளில் நலமும் வாதமும்

கருத்தில் நம்மோடு மாறுபட்டவரிடம் அன்பு பாராட்டுவது நயவஞ்சகம் ஆகுமா? அண்மையில் ஓர் இளைஞர் நம்மிடம் இவ்வினாவை எழுப்பினார். பெருநாள் பிறை விவகாரத்தில் அவருடைய தந்தையும் பெரிய தந்தையும் பிரிந்து, ஈராண்டுகளாக ஒருவருக்கொருவர் ஸலாமும் சொல்லிக்கொள்வதில்லையாம். கொள்கை வேறுபட்ட பின் குசலம் விசாரிப்பது வெறும் நடிப்பு என்பது தந்தையின் வாதம். விடை தேடிய நம் சிந்தனை கோடைக்கானலுக்குச் சென்றது.

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் உள்ளது அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடம். 1899இல் அது பணி தொடங்கியபோது தலைவராயிருந்தவர் சார்லஸ் மிக்கி ஸ்மித். ஸ்காட்லாந்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து, 1891இல் சென்னை அரசாங்கத்தின் வானநூலறிஞரானார். 1911இல் ஓய்வு பெற்ற பின்னரும் கோடைக்கானலிலேயே வாழ்ந்து 1922இல் மறைந்தார்.

இவருடைய தமையனார் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித். அரபு ஆராய்ச்சியில் நாட்டமுள்ளோர் அறிந்த பெயர் அது. அபர்டீன் நகரின் சமயக் கல்லூரியில் எபிரேய மொழிப் பேராசிரியராயிருந்த அவர், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 1875இல் பைபிளைப் பற்றி எழுதிய கட்டுரைக்காகச் சமயப் பிறழ்வுக் குற்றம் சாட்டப்பட்டார். ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்கின் முடிவில், 1881இல் அவரது பதவி பறிபோயிற்று. அவரை விசாரித்த அதே திருச்சபையில்தான் அவருடைய தந்தை போதகராயிருந்தார்! இதற்கிடையே 1880இல் ஹிஜாஸ் சென்று ஜித்தாவையும் தாயிஃபையும் கண்டு வந்தார். 1883இல் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரானார். பண்டை அரபியரின் உறவுமுறை பற்றி 1885இல் நூல் வெளியிட்டார். அதன் முடிவுகள் பலவற்றை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அவருடைய உழைப்பை மறுப்பது நீதியாகாது.

விக்டோரியா மகாராணி காலத்தில் இத்தகைய குடும்பங்களைக் கடல் கடந்தும் பிணைத்தவை கடிதங்களே. தாயின் உடல்நலம், தங்கையின் திருமணம், ஒரு மரணம், அடுத்த வரியிலேயே வேதத்தைப் பற்றியோ விஞ்ஞானத்தைப் பற்றியோ ஒரு தர்க்கம் என்று ஒரே தாளில் எல்லாம் இடம்பெறும். சூயஸ் கால்வாய் திறந்த பின்னரும் கடிதம் சென்னையை அடையச் சுமார் மூன்று வாரங்கள் பிடித்தன. சினத்தோடு எழுதியவன், அது போய்ச் சேருமுன்னரே ஆறியிருப்பான். இன்றோ கைப்பேசியில் நொடிப்பொழுதில் சினம் சூட்டோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நம் வீடுகளிலும் இவ்வழக்கம் இருந்ததன்றோ? இலங்கையிலும் மலாயாவிலும் பொருள் தேடச் சென்ற ஆண்மக்களுக்குக் காயல்பட்டினத்துத் தாய்மாரும் கீழக்கரைத் தாய்மாரும் அரபுத் தமிழில் எழுதினார்கள். ஸலாமும் துஆவும் முன்னே வரும். கணக்கும் வழக்கும் பின்னே வரும். கடிந்துகொள்ள வேண்டியதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் கடிந்துகொள்வதற்காக ஸலாமை விட்டுவிடவும் இல்லை.

இனி வினாவுக்கு வருவோம். உள்ளத்தில் ஒன்றை மறைத்து நாவில் வேறொன்றைச் சொல்வதே நயவஞ்சகம். தன் கருத்தை வெளிப்படையாகக் கூறிவிட்டு, "உங்கள் காய்ச்சல் குணமாயிற்றா?" என்று கேட்பவன் எதை மறைத்தான்? கருத்தும் மெய், கவலையும் மெய். மாறாக, உள்ளத்தில் பாசத்தை வைத்துக்கொண்டு, கொள்கைக்கு இழுக்கென்று அதை ஒளிப்பதன்றோ நடிப்பு? இமாம் ஷாஃபிஈ அவர்கள் இமாம் மாலிக் அவர்களிடம் பாடம் கேட்டவர்கள். பின்னர்ப் பல சட்டங்களில் ஆசிரியரோடு மாறுபட்டவர்கள். ஆசிரியரின் கண்ணியத்தை அதனால் குறைத்தார்களில்லை. இரத்த உறவைத் துண்டியாதீர் என்ற கட்டளையும், பிறை விஷயத்தில் ஒத்த கருத்துடையோருக்கு மட்டும் உரியதன்று.

வாதமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நலம் மட்டும் விசாரித்து உண்மையைப் பேசாத வீட்டில் அறிவு வளராது. உண்மையை மட்டும் பேசி நலம் விசாரியாத வீடு நீதிமன்றமாகிவிடும்.

கோடைக்கானல் ஆய்வுக்கூடத்திற்கு 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அச்செய்தியைத் தம்பி தம் தமையனுக்கு எழுதியிருக்க முடியாது. 1894 மார்ச் 31 அன்றே ராபர்ட்சன் ஸ்மித் காலமாகிவிட்டார். அவ்விளைஞரிடம் நாம் இதைத்தான் சொன்னோம்: பெரிய தந்தை உயிரோடிருக்கிறார். ஒரு தாளை எடுத்துத் தந்தையிடம் கொடுங்கள். பிறையைப் பற்றித் தம் கருத்தை அவர் தாராளமாக எழுதட்டும். முதல் வரியில் மட்டும் ஸலாம் இருக்கட்டும்.