முடியாது என்று சொல்ல

என் சித்தப்பா சென்ற ஆண்டு கும்பகோணத்தில் காலமானார். அவருடைய மூத்த மகன் வளைகுடா நாடு ஒன்றில் விமான கேப்டன். தகப்பனாரின் உயிர் பிரிந்த வேளையில் அவன் 300 பிரயாணிகளுடன் ஐரோப்பாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தான். தரை இறங்கிய பிறகுதான் செய்தியைப் பார்த்தானாம். அவன் வந்து கொள்ளி வைக்கும் வரையில், இரண்டு நாள், சித்தப்பா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் காத்திருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போனார்கள். "மனசைக் கல்லாக்கிக்கொண்டு 300 பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தானே, கடமை என்றால் இதுவல்லவா!" என்றது ஒரு கட்சி. "அப்பா கிடக்கிற கிடை தெரிந்தும் பறக்கப் போனானே, பணம் பண்ணுகிற வேலை" என்றது மற்றது. நான் முதல் கட்சி. கொஞ்சம் உரக்கவே பேசினேன் என்று ஞாபகம்.

பத்தாம் நாள் இரவு மொட்டை மாடியில் அவனிடமே அந்தப் புகழுரையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"கடமையெல்லாம் இல்லை, அண்ணா. பயம்" என்றான்.

அந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு முறை 'இன்று பறக்கும் நிலையில் இல்லை' என்று சொல்லியிருக்கிறான். இரண்டும் மெய்யான காய்ச்சல்தான். மூன்றாம் முறையும் சொன்னால் மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார் என்று எண்ணியிருக்கிறான். அந்த எண்ணத்தோடுதான் உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

அன்று முதல் இந்த விஷயம் என்னை விடவில்லை. ஏனென்றால் விமானியைப் போல 'முடியாது' என்று சொல்லும் உரிமையைச் சட்டமே கையில் கொடுத்திருக்கும் உத்தியோகஸ்தன் வேறு யாராவது உண்டா என்பது சந்தேகம். தன் உடல் தகுதி குறைந்திருப்பதை அறிந்தால் அவன் பறக்கவே கூடாது என்பது சர்வதேச விதி. பறக்கும்போதோ, அந்த விமானத்தைப் பற்றிய கடைசி முடிவு கேப்டனுடையதுதான். முதலாளியே பின்னால் பிரயாணியாக உட்கார்ந்திருந்தாலும் அவன் சொல்தான் செல்லும்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1977 மார்ச் 27-ந் தேதி, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். டச்சு விமானத்தின் கேப்டன் மகா அநுபவசாலி. அனுமதி கிடைக்கு முன்பே கிளம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்த எஞ்சினீயர், 'அந்த விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ?' என்று ஒரு தடவை கேட்டார். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார் கேப்டன். எஞ்சினீயர் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்கத்தான் பிந்திய ஆண்டுகளில் உலகமெங்கும் விமானிகளுக்குப் பாடம் நடத்தினார்கள். பெரியவரை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம்! நம் வீடுகளுக்கு இது எப்போது வருமோ.

ஆனால் அந்தப் பாடம் விமானத்தின் கதவோடு முடிந்துவிடுகிறது. கதவுக்கு வெளியே, அயல்நாட்டில் பிழைக்கும் விமானி யார்? அவன் குடியிருக்கும் வீட்டுக்கும் குழந்தைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் கம்பெனி பணம் கொடுக்கிறது. அந்த நாட்டில் தங்கும் அநுமதியே வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் சட்டைப்பையில் உள்ள லைசென்ஸ்கூட, 1944-ம் வருஷத்துச் சிகாகோ உடன்படிக்கையின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்ததாக, அல்லது ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். 2020-ல் கொள்ளைநோய் பரவி விமானங்கள் தரையில் நின்றபோது வளைகுடாவில் எத்தனையோ விமானிகளுக்கு வேலை போயிற்று. வேலையோடு வீடும் பள்ளிக்கூடமும் போயின. ஆகாயத்தில் அரசனாக இருந்தவர்கள் சாமான்களை விற்று ஊர் திரும்பினார்கள்.

கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனுக்காக நான் ஏன் உருகவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அதே ஊரில் வெயிலில் கட்டடம் கட்டுகிற நம் ஆட்களின் பாட்டுக்கு முன்னால் இது ஒரு கஷ்டமா? இல்லைதான். நான் கவலைப்படுவது அவனுக்காக மட்டும் அல்ல. பின்னால் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிய அந்த 300 பேருக்காகவும். முன்னால் இருப்பவன் தெளிந்த மனத்தோடு வந்தானா, பயந்து வந்தானா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விமானம் ஒழுங்காக இறங்கிவிட்டது, வாஸ்தவம். பயமும் சில நாள் ஒழுங்காகவே இறக்கிவிடும்.

தேசத் துரோகம் என்று பேசுகிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 200 மணி நேரம் பறந்தால்தான் இங்கே தொழில் லைசென்ஸ். அந்த 200 மணியும் சித்தப்பா விற்ற நன்செய் நிலம். உள்ளூரில் மட்டும் கட்டு இல்லையா? கேப்டன் வேலையை விட 12 மாதம் முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும் என்று 2017-ல் நம் நாட்டிலேயே விதி செய்தார்கள்.

அன்றைக்கு அவன் 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். இதுதான் என் தீர்ப்பு. மொட்டை மாடியில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் என் பெண்ணின் கல்யாணத்துக்கு அவனிடம் வாங்கிய கடன் நினைவுக்கு வந்தது. அவன் தங்கையின் வீட்டுக் கடன், சித்தப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, என் மகளின் கல்யாணம், எல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்து போனவை. அவன் வாயைக் கட்டியிருந்தது கம்பெனி மட்டும்தானா? கயிற்றின் ஒரு நுனி என் கையிலும் இருந்தது.

"பணத்தைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன், தம்பி" என்றேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"அவசரம் இல்லை" என்றான். கீழே சித்தி இருமுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, அண்ணா" என்றான்.