கொடிமலையில் ஏறுவது கேபிள் கார் அல்ல

பினாங்கின் கொடிமலைக்கு ஏற ஆயர் ஈத்தாம் மலையடிவார நிலையத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர், "கேபிள் காருக்கு எங்கே டிக்கெட்?" என்றுதான் விசாரிக்கிறார்கள். மலை நிர்வாகம் எழுதுவதோ 'ஃபியூனிகுலர்'. இரண்டையும் இழுப்பது இரும்பு வடம்தான் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் அந்த வடம் வேலை செய்யும் விதம் வேறு.

ஃபியூனிகுலரில் ஒரே வடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள் நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று மேலே ஏறினால் மற்றது கீழே இறங்கியே தீரவேண்டும். கிணற்று ராட்டினத்தின் இருபுறமும் வாளி கட்டி இறைப்பதுபோல, இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியைத் தூக்கிவிடுகிறது. மோட்டார் சுமப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் உராய்வையும்தான். கொடிமலையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு ஒற்றைத் தண்டவாளமே ஓடுகிறது. நடுவில் மட்டும் சற்றுத் தூரம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. வடத்தின் நீளம் மாறாது என்பதால் இரு பெட்டிகளும் அந்த இடத்தில்தான் எதிர்ப்படும், ஒருநாளும் தவறாது. முன்கண்ணாடி ஓரம் நின்றால், நேரே மோத வருவதுபோல் தெரியும் எதிர்ப்பெட்டி கடைசி நொடியில் விலகிப்போவதைப் பார்க்கலாம்.

இம்மலைக்கு முதலில் போட்ட ரயில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிந்தும் ஒழுங்காக ஓடவில்லை. இன்றைய பாதை 1923இல் பொதுமக்களுக்குத் திறந்து, 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி தொடங்கியது. அப்போது இரண்டு பகுதிகள். நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும், பயணம் அரைமணி நேரம். 2010இல் நிறுத்திப் புதுப்பித்து, 2011 முதல் ஒரே ஓட்டமாக விட்டார்கள். ஒரு பெட்டியில் 100 பேர் போகலாம். பழைய மரப்பெட்டிக்கு ஏங்குகிறவர்கள் இன்னும் உண்டு; எனக்கு அந்த ஏக்கம் இல்லை.

கேபிள் கார் என்ற சொல்லுக்கோ ஊருக்கொரு பொருள். சான் பிரான்சிஸ்கோவில் 1873 முதல் ஓடும் கேபிள் கார் தெருவில் போவது. தரைக்கடியில் வடம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியோட்டி இடுக்கியால் அதைப் பிடித்தால் வண்டி நகரும், விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். ஒரு வண்டி நின்றால் இன்னொன்று நிற்கவேண்டியதில்லை. பிரிட்டிஷ் வழக்கில் வளர்ந்த மலேசியாவில் அதே சொல் லங்காவியிலும் கெந்திங்கிலும் ஆகாயத்தில் தொங்கிப் போகும் கூண்டைக் குறிக்கிறது.

பழனி பக்தர்களிடம் இந்தக் குழப்பமே கிடையாது. தண்டவாளத்தில் ஏறுவது விஞ்ச், 2004இல் வந்த தொங்கும் பெட்டி ரோப்கார். இரண்டுக்கும் தனித்தனி வரிசை என்பதால் யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

பினாங்கிலும் இரண்டும் இருக்கும் நிலை வரப்போகிறது. தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து கொடிமலைக்கு நிஜமான கேபிள் கார் அமைக்கும் திட்டம் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. அது ஓடத் தொடங்கியபின், ரயிலில் போக நினைப்பவர்கள் வாடகைக் காரில் ஏறும்போதே "ஆயர் ஈத்தாம், மலை ரயில்" என்று சொல்லிவிடுங்கள். கேபிள் கார் என்றால் ஓட்டுநர் மலையின் வேறொரு பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.