பண்டிகையும் இளைப்பாறுதலும்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கும் நாட்களில் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களுக்குள் பிரவேசிக்கிறவர் எவருக்கும் முதலில் புலப்படுவன, வாசல்தோறும் தொங்கும் காகித நட்சத்திரங்களும், அடுக்களைகளிலிருந்து எழும் எண்ணெய்ப் பலகாரத்தின் மணமுமேயாம். அச்சுமுறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் சுட்டாக வேண்டும். சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். தையற்காரரிடம் கொடுத்த பிள்ளைகளின் உடுப்புகளை நயந்தும் கெஞ்சியும் வாங்கியாக வேண்டும். இரவில் கீதம் பாடிவரும் குழுவினரை உபசரித்து, வைகறை ஆராதனைக்கு வீட்டார் அனைவரையும் எழுப்பியாகவும் வேண்டும். இவை யாவும் அன்பின் பிரயாசைகளே. இவற்றுள் இகழத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும், பண்டிகை விடிந்த பொழுதில் உடல் அயர்ந்து, மனம் வறண்டு, இது எப்பொழுது முடியுமோ என்னும் ஏக்கத்தோடு கோயிலில் அமர்ந்திருக்கும் ஆத்துமாக்கள் எத்தனை!

திருச்சபையின் முன்னோர் மனித சுபாவத்தை அறியாதவரல்லர். மேற்றிசைச் சபைகள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாக வகுத்து, தவக்காலத்துக்குரிய ஊதா நிறத்தையே அதற்கும் உரியதாக்கின. கீழ்த்திசைச் சபைகள் பலவற்றில் அது 40 நாள் நோன்பு. அண்டையிலுள்ள மலையாள நாட்டுச் சுரியானிக் கிறிஸ்தவர் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பிருக்கின்றனர். ஆரவாரமோ 25ஆம் தேதி தொடங்கி ஜனவரி 6 வரையில் நிதானமாக நீளவேண்டியது. நாமோ காத்திருக்கவேண்டிய நாட்களில் கொண்டாடித் தீர்த்துவிட்டு, கொண்டாடவேண்டிய நாட்களில் களைத்துக் கிடக்கிறோம்.

எல்லா வேலைகளும் முடிந்தபின் ஓய்ந்திருந்து கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று நாம் எண்ணுவதே இதற்கு மூலகாரணம் என்று நான் கருதுகிறேன். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மரியாளின் நன்றிப் பாடல் எந்த இடத்தில் வருகிறதென்று பாருங்கள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை, மேய்ப்பர் வரவில்லை, ஊரார் என்ன சொல்வரோ என்னும் கலக்கத்துக்கு முடிவும் காணவில்லை. யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து பிரயாணம் செய்து, எலிசபெத்தின் வீட்டு வாசலைக் கடந்த அக்கணத்திலேயே, இனி நிகழவேண்டியவை நிகழ்ந்தே விட்டாற்போலக் கடவுளை மகிமைப்படுத்துகிறாள் அந்த ஏழைப் பெண். அவ்வாறாயின் நன்றியறிதல், காரியம் கைகூடியபின் செலுத்தும் காணிக்கையன்று. உழைப்பின் நடுவிலேயே ஆத்துமாவை நிலைகொள்ளச் செய்யும் சாந்தி அது. இவ்வாண்டில் மரணம் கண்ட வீட்டுக்கும், கடன்பட்டு நட்சத்திரம்கூட ஏற்றாத வீட்டுக்கும் அந்தச் சாந்தி விலக்கப்பட்டதன்று. களிப்பு வராத இடத்திலும் நன்றி வரக்கூடும்.

இளைப்பாறுதலைப்பற்றி வேதம் கூறும் மற்றொரு காரியத்தை நாம் மிகவும் அசட்டை செய்கிறோம். ஓய்வுநாட் கற்பனை வீட்டுத் தலைவனை மட்டும் கருதியதன்று; மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் தங்கும் அந்நியன் ஆகிய அனைவரையும் அது பெயர்சொல்லி அழைக்கிறது. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாயே, அதை நினை என்று உபாகமம் அதற்கு நியாயமும் காட்டுகிறது. ஆண்மக்கள் புத்தாடை தரித்து ஆராதனையில் மனமுருகி நிற்க, அவ்வீட்டுத் தாயும், மருமகளும், பாத்திரம் துலக்க வருகிற பெண்ணும் விருந்துச் சமையலின் புகையில் நின்று வேகின்ற பண்டிகையில், ஒருவர் அடையும் இளைப்பாறுதல் மற்றொருவரிடமிருந்து பறித்ததேயாகும். அதைத் தெய்வ சாந்தி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஓய்வும் நன்றியும் ஒன்றையொன்று பிரியாதவை. யாருடைய கையால் நாம் உண்கிறோமோ அவரை நினையாத நன்றி பரத்துக்கும் எட்டாது.

ஆகவே, இவ்வாண்டு பலகார வகைகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவு பிசையவும் இலை எடுக்கவும் ஆண்மக்கள் கைகொடுக்கட்டும். பணிப்பெண்ணுக்கு 25ஆம் தேதியன்று கூலியோடு விடுமுறை அளியுங்கள். இரவு ஜெபத்துக்குக் கூடும்போது, உங்கள் தாயாரை அடுக்களையிலிருந்து அழைத்துவந்து முதலில் உட்காரவைத்து, அதன்பின் ஜெபத்தைத் தொடங்குங்கள்.