எண்ணெயின் வானவில்

2018 பிப்ரவரியில், சென்னை லலித் கலா அகாதமியில், நதிகளைப் பற்றிய ஒரு கலைக் கண்காட்சி. கூவம் கரையில் நடந்திருக்க வேண்டியது. அனுமதி கிடைக்காமல் சுவர்களுக்குள் வந்தது. அங்கே நதி நாறவில்லை. விம்கோ நகரிலிருந்து போன எனக்கு அதுவே உறுத்தியது. கலையின் பொய் என்று நண்பரிடம் வாதிட்டேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. பார்க்கப் போனேன். நீர்மேல் வானவில். ஒரு கணம், அழகு என்றே நினைத்தேன். பக்கத்தில் ஒருவர் கறுத்துப்போன வலையுடன் நின்றிருந்தார்.

ஆக, நாற்றத்தை நீக்கிப் பார்க்கக் கண்காட்சிக் கூடம் தேவையில்லை. என் கண்ணே போதும். அழகைக் கண்டதற்காகக் கண்ணைக் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்த கணம் எங்கே திரும்புகிறது என்பதற்குத்தான் அது பதில் சொல்ல வேண்டும். நான் வலைக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.