கதவுக்கு வெளியே இருந்தவர்

2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் திருத்தி வெளியிட்ட கொரோனா வீட்டுத் தனிமை வழிகாட்டுதலில் ஒரு நிபந்தனை இருந்தது. தொற்றுள்ளவர் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டுமென்றால், அவரைக் கவனித்துக்கொள்ள 24 மணி நேரமும் அங்கே இன்னொருவர் இருக்க வேண்டும். தனியாக இருக்கத் துணைக்கு ஆள் கேட்ட உத்தரவு அது. படித்தவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள்.

அந்த இன்னொருவர் யார் என்று அரசு கேட்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் பதில் ஏற்கெனவே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது.

காலையில் கபசுரக் குடிநீர் காய்ச்சுவதில் தொடங்கும் அவருடைய வேலை. பிறகு அறை வாசலில் ஒரு முக்காலி, அதன்மேல் இட்லித் தட்டு. தட்டை வைத்து, கதவைத் தட்டி, நாலடி பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். ஆவி பிடிக்க வெந்நீர், பதினோரு மணிக்கு மிளகு ரசம். இடையிடையே விரலில் மாட்டும் கருவி காட்டிய ஆக்சிஜன் அளவைக் கதவு வழியாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வது. 94-க்குக் கீழே போனால் எந்த எண்ணுக்கு போன் செய்வது என்பது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவருக்கோ வாசனையே தெரியாது. ரசத்தில் பெருங்காயம் கூடிவிட்டதா என்று கேட்டால், ரசமா அது என்று திருப்பிக் கேட்பார். போட்ட துணியைத் தனியாக ஊறவைத்து, தட்டைத் தனியாகக் கழுவி, முகக்கவசத்தை மாற்றிவிட்டு நிமிர்ந்தால் மதியச் சமையலுக்கு நேரமாகியிருக்கும்.

அறைக்குள் இருந்தவர்கள் நிறைய எழுதினார்கள். ஜன்னல் வழியே பார்த்த குருவி, பாதியில் நின்ற புத்தகம், வாழ்க்கை எவ்வளவு சுருங்கியது என்ற திகைப்பு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. குறை சொல்வதற்கில்லை, காய்ச்சலும் பயமும் உண்மையானவை. ஆனால் அந்தச் சிந்தனைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டவரின் நாட்குறிப்பு எங்கே? எழுத அவருக்கு உட்கார நேரமில்லை, அவ்வளவுதான்.

‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’ என்று தமிழக அரசு சொன்னபோது பலருக்கும் வள்ளலார் நினைவு வந்தது. பசித்திரு, தனித்திரு, விழித்திரு என்பது அவர் பெயரால் வழங்கும் உபதேசம். அதே வள்ளலார்தான் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பார்கள். தனித்திருக்கச் சொன்னவர், ஊருக்கே சமைக்க ஆள் வைத்தார். இந்த இரண்டாவது பாதியைச் சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தனி அறை என்பதே பலருக்கு எட்டாத பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 37 விழுக்காடு குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. அங்கே கொடி கட்டிப் புடவையைத் தொங்கவிட்டதுதான் தனிமை. கழிப்பறை நான்கு குடித்தனத்துக்கும் பொது.

வெளியே கேட்டில் ஸ்டிக்கர் வேறு. தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று அதில் எழுதியிருக்கும். 2020 மார்ச் இறுதியில் சென்னை ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் பழைய வீட்டிலும் அது ஒட்டப்பட்டது. தான் அங்கே குடியிருக்கவில்லை என்று அவர் விளக்கிய பிறகு அகற்றினார்கள். நடிகருக்கு அது ஒரு நாள் செய்தி. சாதாரணக் குடும்பத்துக்கு அப்படியல்ல: கீரைக்காரம்மா அந்த வாசலில் நிற்காமல் போவார், வேலைக்கு வருபவர் நின்றுவிடுவார், பால் பாக்கெட் கேட்டுக்கு வெளியிலேயே கிடக்கும். கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டிய நேரத்தில், கொண்டுவருபவர்களை அந்தத் தாள் விரட்டியது. உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய இப்படி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9-ல் சொன்னது. அதற்குள் முதல் அலையே வடிந்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய அதே சென்னை மாநகராட்சி, தனிமையில் இருந்த வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தர இளைஞர்களையும் அமர்த்தியது. வெயிலில் தெருத் தெருவாகப் போய், கதவு தட்டி, காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்த களப்பணியாளர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே மாட்டிக்கொண்ட முதியவர்களுக்கு நிபந்தனை கேட்ட அந்த ‘இன்னொருவர்’ பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவோ இவர்களாகவோதான் இருந்தார்.

அந்த ஜூலை விதிப்படி, அறிகுறி தொடங்கி 10 நாள் கழிந்து, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லையென்றால் நோயாளி வெளியே வரலாம். 2022 ஜனவரியில் அது 7 நாளாகக் குறைந்தது. அறையிலிருந்து வந்தவரைச் சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தார்கள். ஒரு வாரம் எந்த வேலையும் செய்யாதே என்றார்கள். சாப்பாடு கொடுத்தவரோ அரசின் கணக்கில் ‘நெருங்கிய தொடர்பு’. லேசாகத் தொண்டை கரகரத்தால் அவர் எந்த அறைக்குள் போவது, முக்காலியில் தட்டை யார் வைப்பது என்று அந்த வீடுகளில் பேச்சு அப்போதுதான் தொடங்கியது.